வீட்டுக்காகக் கொலை செய்தவர்: சாப்ளினின் வெர்டூவைப் பற்றிப் பேசலாம்

திரைக்கடல்

இரட்டை வாழ்க்கை வாழும் குடும்பஸ்தர்கள் பழைய படங்களில் ஏராளம். ஊருக்குப் பெரிய மனிதர், உள்ளுக்குள் கொள்ளைக்காரர் என்கிற வகை. அவர்களில் என்னை இன்னும் விடாமல் தொந்தரவு செய்கிறவர் ஒருவர்தான்: சாப்ளின் 1947-இல் எழுதி, இயக்கி, நடித்த 'மான்சியர் வெர்டூ' படத்தின் ஆன்ரி வெர்டூ. படம் பார்க்காதவர்கள் கவனிக்கவும், முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசப் போகிறேன்.

பிரான்ஸில் 30 வருடம் நேர்மையாக உழைத்த வங்கி எழுத்தர் வெர்டூ. பொருளாதார மந்தம் வந்ததும் வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் மனைவி மோனா, சின்னப் பையன் பீட்டர். அதன்பிறகு அவர் பிடித்துக்கொண்ட பிழைப்பு இதுதான்: கையில் காசுள்ள, நடுத்தர வயதைத் தாண்டிய, தனியாக இருக்கும் பெண்களைத் தேடிப் பிடித்து வெவ்வேறு பெயர்களில் கல்யாணம் செய்துகொள்வார். ஒருத்திக்கு அவர் கப்பல் கேப்டன், இன்னொருத்திக்கு வேறொருவர். வங்கியில் போட்டிருக்கும் பணத்தை எடுத்து வைக்கச் சொல்வார். எடுத்த பிறகு அந்தப் பெண் உயிரோடு இருக்க மாட்டாள்.

நான் இங்கே வைக்க நினைப்பது ஒரு விஷயம். இந்த மாதிரிப் படங்களில் வழக்கமாக வீடு ஒரு மறைவிடம். குற்றவாளிக்கு அது முகமூடியாகப் பயன்படும், அவன் நிஜமுகம் வெளியே இருக்கும். வெர்டூ விஷயத்தில் அப்படி இல்லை. மனைவி மேல் அவர் வைத்திருக்கும் பாசத்தில் துளி நடிப்பு கிடையாது. நடிப்பெல்லாம் வெளியேதான். வீட்டில் அவர் முழுசாக நல்லவர், அந்த நல்லதனத்துக்கு ஆகும் செலவைத்தான் வெளியே போய் மற்ற பெண்களிடம் வசூல் செய்கிறார். படம் இந்த இடத்தில்தான் என் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். லிடியா என்ற பெண்ணின் வீடு. ராத்திரி. வெர்டூ மாடி ஜன்னலருகே நின்று நிலவைப் பார்த்துக் கவிதையாக ஏதோ சொல்கிறார். பிறகு அவள் அறைக்குள் நுழைகிறார். இசை ஏறுகிறது. கேமரா அந்த வெற்று நடைக்கூடத்திலேயே நிற்க, ஜன்னலில் விடிகிறது. அறையிலிருந்து வெளியே வரும் வெர்டூ, பாட்டுப் பாடியபடி சமையலறைக்குப் போய்க் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கு மேஜையில் எடுத்து வைக்கிறார். சட்டென்று நினைவு வந்து ஒருவருக்கு வைத்ததை எடுத்துவிடுகிறார். கொலையை நாம் பார்க்கவே இல்லை. குடும்பம் நடத்திப் பழகிய கை தானாக இரண்டு பேருக்கு எடுத்து வைத்ததைத்தான் பார்க்கிறோம்.

உங்கள் எல்லோருடைய கருத்தும் வேண்டும்.

மழைக்காலம்

திரைக்கடல் அண்ணா, நீங்கள் சொல்லும் காட்சி பெரிய காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

வெர்டூ குறிவைக்கும் பெண்களைக் கொஞ்சம் பாருங்கள். லிடியா கடுகடுப்பானவள், சந்தேகக்காரி. மார்த்தா ரே நடித்த அன்னபெல்லா வாயாடி, சத்தமாகச் சிரிப்பவள், லாட்டரியில் அதிர்ஷ்டம் அடித்துப் பணக்காரியானவள். இவர்களைப் பிடிக்காத மாதிரியே எழுதியிருக்கிறார் சாப்ளின். எதிர்ப்பக்கத்தில் மோனா சாந்தம், அழகு, நோய். தராசில் கல்லை ஒரு பக்கம் வைத்துவிட்டு "பாருங்கள், எந்தத் தட்டு கனமாக இருக்கிறது" என்று கேட்டால் எப்படி?

படத்தின் தொடக்கத்தில் தெல்மா என்று ஒருத்தி வருகிறாள். வருகிறாள் என்பதே தப்பு. வெர்டூ தோட்டத்தில் ரோஜா வெட்டிக்கொண்டிருக்கிறார், பின்னால் குப்பை எரிக்கும் அடுப்பிலிருந்து கரும்புகை. மூன்று நாளாக இந்த அடுப்பு எரிகிறது, துணியை வெளியே உலர்த்த முடியவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் புலம்புகிறார்கள். தெல்மா அந்தப் புகை மட்டும்தான். அதே நேரத்தில் வெர்டூ பாதையில் ஊரும் ஒரு கம்பளிப்பூச்சியைப் பார்த்து, மிதித்துவிடக் கூடாதே என்று பரிவோடு தூக்கி ஓரமாக விடுகிறார். தியேட்டரில் சிரிப்பு வரும் இடம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழம்பெட்டி

நிஜக்கதையைச் சொன்னால் இந்த விவாதத்துக்கு உதவும் என்று நினைக்கிறேன். வெர்டூவுக்கு மூலம் ஆன்ரி தெசிரே லாந்த்ரு. முதல் உலகப்போர் நடந்த காலத்தில் பாரீஸில் இருந்தவர், மனைவியும் நான்கு பிள்ளைகளும் உண்டு. போரில் ஆண்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள், விதவைகள் ஊரெல்லாம். லாந்த்ரு பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரம் கொடுத்தார்: மனைவியை இழந்தவர், 43 வயது, நல்ல வருமானம், விதவை ஒருவரை மணக்க விரும்புகிறார் என்கிற பாணியில்.

அதை நம்பி வந்தவர்களில் 10 பெண்களையும், அவர்களில் ஒருவருடைய மகனையும் கொன்றதாக அவர்மேல் குற்றம் நிரூபிக்கப்பட்டது. முதலில் வெர்னூயே என்ற இடத்தில் வாடகை வீடு, பிறகு காம்பே கிராமத்தில் ஒரு பங்களா. முழு உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சாம்பலில் எலும்புத் துண்டுகள் கிடைத்தன, அந்த வீட்டுச் சமையல் அடுப்பையே நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1919 ஏப்ரலில் கைது, 1921 நவம்பரில் வெர்சாயில் விசாரணை, 1922 பிப்ரவரி 25-இல் கில்லட்டின். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவரைச் சிக்கவைத்ததில் பெரிய பங்கு ஒரு சின்னக் குறிப்பேட்டுக்கு. சில்லறைச் செலவைக்கூட எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு. காம்பேவுக்குப் போன ரயில் பயணச் செலவும் அதில் இருக்கிறது: தனக்குப் போய்வரும் டிக்கெட், கூட வரும் பெண்ணுக்குப் போகும் டிக்கெட் மட்டும். அரசுத் தரப்புக்கு அந்த வரிகள் எவ்வளவு உதவியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மழைக்காலம் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். லாந்த்ரு போருக்கு முன்பே மோசடி வழக்குகளில் பலமுறை சிறை போனவர். நேர்மையான 30 வருடம் என்பது அவர் வாழ்க்கையில் இல்லை. அதைச் சேர்த்தவர் சாப்ளின். நோயாளி மனைவியையும் சேர்த்தவர் சாப்ளின். பழைய மரச்சாமான் வியாபாரத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டார்: லாந்த்ருவும் அதில் கை வைத்தவர், வெர்டூவுக்கும் பாரீஸில் ஒரு மரச்சாமான் கிடங்கு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சினிமா ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. இந்தப் படத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது வெர்டூ பணம் எண்ணும் விதம். நோட்டுக் கட்டைக் கையில் வாங்கியதும் விரல் பறக்கிறது, கண்ணால் தொடர முடியாத வேகம். படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. பார்க்கிற எல்லோரும் சிரிப்பார்கள். கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு அது வேறு மாதிரி தெரியும்.

நோட்டு எண்ணும் வேகம் ஒரு நாளில் வருவதில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காய்த்துப்போய், மனசு வேறெங்கோ இருந்தாலும் விரல் தப்பில்லாமல் எண்ணும் நிலைக்கு வர வருடக்கணக்கு ஆகும். அந்தத் திறமைக்கு வங்கிக்கு வெளியே எந்த மதிப்பும் கிடையாது. ஐம்பதை நெருங்கும் ஆளை "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பினால் அந்த விரலை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? கொலைக்கு நியாயம் சொல்லவில்லை ஐயா. வெர்டூ எண்ணும்போதெல்லாம் அவர் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கிறார் என்று தோன்றியது, அவ்வளவுதான். இரண்டு வாழ்க்கைக்கும் பொதுவாக அவரிடம் மிஞ்சியது அந்த விரல்கள்தான்.

திரைக்கடல்

கணக்குப்பிள்ளை ஐயா, இதை எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை. நன்றி.

மழைக்காலம், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தராசு அவ்வளவு சுலபமாகச் சாயவில்லை என்று நினைக்கிறேன். வெர்டூ வீட்டுக்கு வரும் பகுதியை இன்னொரு முறை பாருங்கள். கல்யாண நாள். வீட்டுப் பத்திரத்தை மோனாவிடம் கொடுக்கிறார், இனி இந்த வீட்டிலிருந்து யாரும் நம்மைத் துரத்த முடியாது என்கிறார். பையன் பூனையின் வாலைப் பிடித்து இழுக்கிறான். வெர்டூ அவனைக் கண்டிக்கிறார்: உனக்குள் ஒரு கொடூர குணம் இருக்கிறது, இது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை என்கிறார். சாப்ளின் அந்த வசனத்தைச் சிரிப்புக்காக அழுத்தவே இல்லை. ஒரு சராசரி அப்பா சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வீட்டில் மாமிசம்கூடக் கிடையாது, சைவம்.

அன்றைய விருந்துக்கு மருந்துக்கடைக்கார நண்பர் பொத்தெல்லோவும் மனைவியும் வருகிறார்கள். சாப்பாட்டு மேஜையில் பேச்சோடு பேச்சாக, தடயமே விடாத ஒரு விஷத்தைப் பற்றி அவரிடமிருந்து வெர்டூ கறந்துவிடுகிறார். ஆதரவற்ற ஒருவரைத் தெருவில் பிடித்துச் சோதித்துப் பார்த்தால் யாருக்குத் தெரியும் என்கிற யோசனையும் அங்கேயே பிறக்கிறது. மனைவி மேஜையில் இருக்கிறாள். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். விஷம் அந்த மேஜையிலிருந்துதான் கிளம்புகிறது. சாப்ளின் இந்தக் காட்சியை வேறெங்கும் வைத்திருக்கலாம். குடும்ப விருந்தில் வைத்திருக்கிறார்.

தேன்மொழி_க

இவ்வளவு நேரம் பேசியும் மோனாவை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அவள் வெறும் நோயாளி இல்லை. அந்த வீட்டில் நடப்பதில் ஏதோ சரியில்லை என்று உணர்பவள் அவள் ஒருத்திதான். நீங்கள் களைத்திருக்கிறீர்கள், அந்தப் பழைய ஒற்றை அறையில் ஏழையாக இருந்தபோதே நாம் சந்தோஷமாக இருந்தோம் என்கிற மாதிரி அவள் பேசும் இடம் இருக்கிறதே, அங்கேதான் வெர்டூவின் மொத்தக் கணக்கும் உடைகிறது. உனக்காகத்தான் செய்கிறேன் என்று அவர் நினைப்பதை அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு வீட்டுப் பத்திரம் வேண்டாம், அவர் வீட்டில் இருந்தால் போதும்.

குடும்பத்துக்காக உழைக்கிறேன் என்று சொல்லிக் குடும்பத்தின் பக்கமே திரும்பாத ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் கொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். அதனால்தான் மோனா பேசும் இடத்தில் எனக்கு மனசு கலங்கியது.

இன்னொன்று. மோனாவும் பீட்டரும் எப்படிச் சாகிறார்கள் என்று படம் காட்டவே இல்லை. பங்குச்சந்தை சரிகிறது, வெர்டூ சேர்த்த பணம் எல்லாம் போகிறது, வருடங்கள் ஓடுகின்றன, கிழவராகிப்போன வெர்டூ ஒரு பெண்ணிடம் "அவர்களை இழந்துவிட்டேன்" என்று சொல்கிறார். அவ்வளவுதான். நோயா, பட்டினியா, இல்லை அவர் கையாலா? எனக்குக் கடைசிச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை.

ஓரிருக்கை

தேன்மொழி அக்கா, நீங்கள் கேட்டதும் எனக்கு ஹிட்ச்காக்கின் 'ஷேடோ ஆஃப் எ டவுட்' ஞாபகம் வந்தது. 1943. அதிலும் பணக்கார விதவைகளைக் கொல்கிறவன்தான், ஜோசப் காட்டன் நடித்த சார்லி மாமா. கலிஃபோர்னியாவின் சாந்தா ரோசா என்ற சின்ன ஊரில் அக்கா குடும்பத்தோடு வந்து தங்குகிறான். அக்கா மகள் அவனைத் தெய்வமாக நினைக்கிறாள், அவளுக்கும் சார்லி என்றே பெயர். கொஞ்சம் கொஞ்சமாக உண்மையைக் கண்டுபிடிப்பது அவள்தான்.

திரைக்கடல் அண்ணா சொன்ன வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரிகிறது. சார்லி மாமாவுக்கு அந்த வீடு ஒளிந்துகொள்ளும் இடம். பாசம் அவனுக்கு ஒரு போர்வை. அந்தப் பெண்ணையே கொல்லப் பார்க்கிறானே! வெர்டூ அப்படிச் செய்ய மாட்டார் என்று நான் நம்புகிறேன். மோனாவை அவர் கொன்றிருந்தால் படத்தின் முதுகெலும்பே முறிந்துவிடும்.

பழம்பெட்டி

படம் வந்த கதையையும் கொஞ்சம். லாந்த்ருவை வைத்துப் படம் எடுக்கும் யோசனை ஆர்சன் வெல்ஸுடையது. சாப்ளின் நடிக்கத் தான் இயக்குவதாக அவர் வந்தார். சாப்ளின் 5,000 டாலர் கொடுத்து யோசனையை மட்டும் வாங்கிக்கொண்டார். வெல்ஸின் யோசனையை அடிப்படையாகக் கொண்டது என்று படத்தின் தலைப்பிலேயே வரும்.

திரைக்கதையைப் படித்த ஹாலிவுட் தணிக்கை அலுவலகம் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தக் கடிதப் போக்குவரத்தைச் சாப்ளின் தன் சுயசரிதையில் விரிவாகவே எழுதியிருக்கிறார். 1947 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியானபோது கூட்டத்தில் சிலர் சீறிக் கூச்சலிட்டார்கள். அடுத்து நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் படத்தைப் பற்றி ஏறக்குறைய யாரும் கேட்கவில்லை. நீங்கள் கம்யூனிஸ்டா, ஏன் இன்னும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை என்பதுதான் கேள்வி. அவருக்காக எழுந்து பேசியவர் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, அமெரிக்காவில் வசூல் படுத்துவிட்டது. 1952-இல் சாப்ளின் கப்பலில் லண்டனுக்குக் கிளம்பியதும் திரும்பி வருவதற்கான அனுமதியை அரசு ரத்து செய்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து இரண்டே வருடத்தில், கொலையையும் போரையும் ஒப்பிட்டு அந்த மக்களிடம் அவர் சொன்ன வசனத்தையும் நினைத்துப் பாருங்கள்.

மழைக்காலம்

அந்த வசனத்துக்குத்தான் வருகிறேன். ஒரு கொலை செய்தால் கொடியவன், லட்சக்கணக்கில் கொலை செய்தால் வீரன், எண்ணிக்கை எல்லாவற்றையும் புனிதமாக்கிவிடும் என்று மரண தண்டனை நிறைவேறும் முன் சொல்கிறார் வெர்டூ. 18-ஆம் நூற்றாண்டில் பில்பி போர்ட்டியஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் மரணத்தைப் பற்றி எழுதிய கவிதையிலேயே இந்தக் கருத்து இருக்கிறது. நீதிமன்றத்திலும், பேரழிவு ஆயுதம் செய்யும் உலகத்தோடு ஒப்பிட்டால் நான் கற்றுக்குட்டி என்கிறார்.

கருத்து உண்மைதான். ஹிரோஷிமாவுக்குப் பிறகு அதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது, அமெரிக்காவிலேயே உட்கார்ந்து சொன்ன துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும் தகுதி வெர்டூவுக்கு இருக்கிறதா? போரில் செத்தவர்களைக் காட்டித் தெல்மாவை மறக்கச் சொல்கிறாரே. லட்சம் பேர் செத்ததால் ஒருத்தி செத்தது சின்ன விஷயமாகிவிடுமா?

திரைக்கடல்

ஆகாது. இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வெர்டூ சொல்வதெல்லாம் சாப்ளின் சொல்வது என்று எடுத்துக்கொண்டால் படம் சின்னதாகிவிடுகிறது, அந்த நீதிமன்றப் பேச்சில் சாப்ளினே கொஞ்சம் அதில் விழுந்துவிட்டார் என்பது என் எண்ணம்.

ஆனால் அதற்கு முன்னால் படமே வெர்டூவுக்குப் பதில் சொல்லிவிட்டது. விஷத்தைச் சோதிக்கத் தெருவிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவருகிறாரே, மாரிலின் நாஷ் நடித்தது, அந்தக் காட்சி. அப்போதுதான் சிறையிலிருந்து வந்தவள், மழையில் நனைந்தவள். முட்டை பொரித்துக் கொடுக்கிறார். விஷம் கலந்த ஒயின் அவள் கையில் இருக்கிறது. பேச்சு அன்பைப் பற்றிப் போகிறது. போரில் ஊனமான கணவன் எனக்கு இருந்தான், அவன் என்னை ஒரு குழந்தை மாதிரி நம்பியிருந்தான், அவனுக்காகக் கொலைகூடச் செய்திருப்பேன் என்று அவள் சொல்கிறாள். வெர்டூவின் முகத்தைப் பாருங்கள். கார்க் தூள் விழுந்திருக்கிறது என்று சொல்லி அந்தக் கிண்ணத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொள்கிறார், வேறு ஒயின் ஊற்றுகிறார், பணமும் கொடுத்து அனுப்புகிறார்.

அவளை ஏன் விட்டார்? அவளுக்கும் ஒரு மோனா இருந்ததால். அவளுடைய கதையைக் கேட்டதால். அப்படியானால் தெல்மாவின் கதையை அவர் கேட்டதே இல்லை. லிடியாவிடம் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்டாரே தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த முட்டையும் ஒயினும் இருக்கும் மேஜையில் வைத்து, மற்ற எல்லோரையும் மனிதர்களாகவே அவர் பார்க்கவில்லை என்று சாப்ளின் சொல்லிவிடுகிறார்.

தேன்மொழி_க

இதை ஒப்புக்கொள்கிறேன். அதே பெண்தான் கடைசியில் காரில் வருகிறாள், இல்லையா? ஆயுதம் தயாரிக்கும் பணக்காரனின் துணையாக, மேலே கம்பளி போர்த்திக்கொண்டு. வெர்டூ காப்பாற்றிய உயிர் போருக்குக் காசு பார்ப்பவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இருவரும் போகும் உணவு விடுதியில் பழைய தெல்மாவின் குடும்பத்தார் இவரை அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, தப்பிக்க வழி இருந்தும் தானாகவே போய்ப் பிடிபடுகிறார்.

மழைக்காலம்

தேன்மொழி அக்கா சொன்ன அந்த இடம்தான் எனக்கு முக்கியம். அவர் எப்போது ஓடுவதை நிறுத்துகிறார்? மனைவியும் பிள்ளையும் போன பிறகு. இவ்வளவு காலம் ஒரு கெட்ட கனவில் இருந்தேன், இப்போது விழித்துவிட்டேன் என்கிறார் அந்தப் பெண்ணிடம். எழுப்பியது தெல்மாவின் சாவு இல்லை, லிடியாவின் சாவு இல்லை. சோறு போட வீட்டில் ஆள் இல்லை, அதனால் தொழிலும் வேண்டாம். அவரிடம் கடைசிவரை வருத்தம் கிடையாது. தெல்மாவின் பேரை நான் விடப்போவதில்லை அண்ணா.

கணக்குப்பிள்ளை

விடாதீர்கள் அம்மா. நானும் அதே முடிவுக்குத்தான் வருகிறேன். கடைசியில் சிறை அறையில் அவருக்கு ரம் கொடுக்கிறார்கள். முதலில் வேண்டாம் என்கிறார். அப்புறம், நான் ரம் குடித்ததே இல்லை என்று சொல்லி வாங்கிக் குடிக்கிறார். அத்தனை பெண்களோடு, அத்தனை பெயரில் வாழ்ந்தவர் ஒரு வாய் ரம்கூடக் குடித்ததில்லை என்றால், தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று கடைசிவரை அவர் நம்பினார் என்றுதான் அர்த்தம். எல்லாம் வீட்டுக்கு. அந்த நம்பிக்கை உடையாததால்தான் வருத்தமும் வரவில்லை.

லாந்த்ருவை வைத்தே 1963-இல் குளோத் ஷாப்ரோல் ஒரு பிரெஞ்சுப் படம் எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதில் அந்த வீட்டு ஆட்கள் எப்படி வருகிறார்கள்? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழம்பெட்டி

பார்த்திருக்கிறேன் ஐயா. பிரான்சுவாஸ் சாகான் எழுதியது, சார்லஸ் டென்னர் லாந்த்ருவாக நடித்தார். அதில் நேர்மையான 30 வருடமும் கிடையாது, சக்கர நாற்காலியும் கிடையாது. மழைக்காலம், நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய படம் அது. பார்த்துவிட்டு வாருங்கள், தனி இழை தொடங்குகிறேன்.